விட்டுப்போன இரண்டு வரிகள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சரித்திரப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து தங்கவயலுக்கு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு அம்மா கொண்டுவந்தது. அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய், நாயகத்தின் பாட்டனார் காலத்திலிருந்துதான் கதை தொடங்கும். அம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. அதனால் புத்தகம் எங்கள் வீட்டிலும், அதைப் படிக்கும் வாய் பக்கத்து வீட்டிலும் இருந்தன. பக்கத்து வீடு என்றால் சின்னம்மா வீடு. அத்தாவுடைய தம்பியின் மனைவி, எட்டாவது வரை படித்தவர்.

எங்களுடையது சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீடு. எங்களுக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில் மண் பூசிய மூங்கில் தட்டிதான் சுவர். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

வருஷா வருஷம் நாயகம் பிறந்த மாதமான ரபீவுல் அவ்வல் பிறை கண்ட மறுநாளிலிருந்து பன்னிரண்டு நாள், மதியம் பாத்திரம் கழுவி முடிந்ததும் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து சரித்திரம் படிப்பார். லைனிலுள்ள பெண்கள் முறத்தையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கை கல் பொறுக்கும், காது கேட்கும். ஆறு வயதில் நாயகம் தாயை இழக்கும் இடம் வந்தால் எல்லாக் கையும் நின்றுவிடும். போன வருஷமே தெரிந்த செய்திக்கு இந்த வருஷமும் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்காது. பன்னிரண்டாம் நாள் நெய்ச்சோறு உண்டு. அது எனக்கு நன்றாக விளங்கும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், அறுபதுகளின் நடுவில், பிறைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் பேச்சு நின்றுவிட்டது. காரணம் நான்தான். இப்போது அதை எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அப்போது அடித்துக் கேட்டாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இரண்டு வீட்டுக்கும் சேதி கொண்டுபோகிறவள் நான். வெறும் சேதியை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்தால், அம்மிக் குழவியைப் பிடித்த கை அப்படியே நிற்க, ‘அப்புறம்?’ என்று கேட்பார்கள். அந்த ‘அப்புறம்’ எனக்கு வெல்லக்கட்டியைவிடப் பிடித்திருந்தது. புத்தகத்தைக் கொஞ்ச நாள் கொடுத்தால் கிழிந்த பக்கங்களை ஒட்டித் தருவதாகச் சின்னம்மா சொல்லி அனுப்பினார். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் புத்தகம் எதற்கு என்றும் கேட்டதாக நான் சேர்த்துக்கொண்டேன். பிறைக்கு அப்புறம் கொடுக்கிறேன் என்றார் அம்மா. சின்னம்மாவின் குரல் தவளைக் குரல், அதைக் கேட்கத்தான் ஊர் கூடுகிறதாக்கும் என்றும் அம்மா சொன்னதாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

அதோடு முடிந்தது. அத்தாவும் அவர் தம்பியான சின்னத்தாவும் ஒரே கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கி, ஒரே லெவலில் வேலை செய்து, ஷிப்ட் முடிந்து லைன் முனைவரை சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். வாசல் வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கதவில் நுழைவார்கள். பெண்டாட்டிகளுக்குக் காட்டவேண்டிய மரியாதை அது.

பிறை தெரிந்தது. மறுநாள் மதியம் யாரும் முறத்தோடு வரவில்லை. ஒரு வீட்டுப் பக்கம் சாய்ந்ததாகப் பேர் வரவேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நிக்காஹ் ஆன வருஷத்திலிருந்து ஒரு தடவைகூடச் சரித்திரம் நின்றதில்லை, இந்த வருஷம் நின்றுவிடும்போல் இருக்கிறது என்றார். அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு, நீதான் படிக்கவேண்டும் என்று உட்கார வைத்தார்.

நான் படித்தேன். ஓட்டமாகப் படித்தேன். விளையாடப் போகவேண்டும் அல்லவா? நாலாம் நாள் கஃபாவைப் புதுப்பித்துக் கட்டும் இடம் வந்தது. அதிலுள்ள புனிதக் கருங்கல்லை அதன் இடத்தில் யார் வைப்பது என்று கூட்டத்தாருக்குள் சண்டை. வாளெடுக்கப் போகிறார்கள். நாயகம் ஒரு துணியை விரித்து, கல்லை அதன் நடுவில் வைத்து, ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம். சண்டையிலிருந்து நேராகத் துணிக்குத் தாவினேன்.

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“நடுவுல ரெண்டு வரிய உட்டுட்டா.”

அம்மா நிமிர்ந்தார். நாலு நாளாகச் சின்னம்மா தட்டியில் முதுகைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு அம்மா தட்டியைப் பார்த்துச் சொன்னார்: “இன்னா வரின்னு நீயே வந்து படி.”

சின்னம்மா வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அம்மாவைப் பார்க்காமல் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் படித்தார். மறுநாள் கஃபாவின் வாசலில் முதலில் நுழைகிறவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதென்று கூட்டத்தார் முடிவு செய்தார்கள். நுழைந்த நாயகத்தைக் கண்டதும், ‘இதோ நம்பிக்கைக்குரியவர் வந்துவிட்டார், எங்களுக்குச் சம்மதம்’ என்றார்கள். அந்த இரண்டு வரி.

“இத உட்டுட்டா அப்புறம் இன்னாக்கா கீது?” என்றார் சின்னம்மா. “துணி எல்லார் ஊட்லயும்தான் கீது.”

அதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. கொடியிலிருந்த போர்வையை இழுத்து வந்து தரையில் விரித்து, புத்தகத்தை அதன் நடுவில் வைத்தேன். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் சின்னம்மா பிடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, நாட்டாமைபோல் நடுவில் நின்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பிடித்துத் தூக்கினார்கள். நைந்த போர்வை நடுவில் கிழிந்து, புத்தகம் என் காலில் விழுந்தது. அம்மா பதறி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் காலை யாரும் கவனிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் சின்னம்மா மெதுவாகக் கேட்டார்: “என் கொரலு தவள கொரலாக்கா?”

“யாரு சொன்னது?” என்ற அம்மா, தானும் ஒன்று கேட்டார்: “எழுத்து தெரியாதவளுக்குப் புத்தகம் எதுக்குன்னு நீ சொன்னியாமே?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அடி விழவில்லை. திட்டுகூட இல்லை. இருவரும் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொண்டார்கள். என்னை வைத்துக்கொண்டு வாயால் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்போல. மறுநாள் லைன் முழுவதும் முறங்களோடு வந்துவிட்டது. சின்னம்மா படித்தார். முடித்ததும் பக்கத்தைப் பின்னால் திருப்பி, அந்த இரண்டு வரியை மட்டும் என்னிடம் காட்டி எழுந்து நின்று படிக்கச் சொன்னார். அதற்கடுத்த நாளும் அப்படியே. பன்னிரண்டாம் நாள் வரை, நெய்ச்சோற்று வாசனை அடுப்பிலிருந்து கூப்பிடும்போதுகூட, அத்தனை பெண்களுக்கு முன்னால் நின்று படித்தேன்: இதோ நம்பிக்கைக்குரியவர் வந்துவிட்டார், எங்களுக்குச் சம்மதம்.

புத்தகத்தில் இரண்டு வரியை விட்டுவிட்டுப் படித்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று அப்போது எனக்கு ஒரே ஆத்திரம். அந்த வருஷம் நெய்ச்சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் வெகு நாள்வரை, ஒரு வரிகூட விடாமல் மிகக் கவனமாகப் படித்துவந்தேன்.