இடப்பக்கத்து இரண்டு டயர்கள்

என் நண்பன் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் ஒரு கார் கட்டினான். வாங்கினான் என்று எழுதவில்லை. இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் உடல், இரண்டு இருக்கைகள், நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் என்று எல்லாம் பெட்டி பெட்டியாக லாரியில் வந்து இறங்கின. இன்ஜினை ஒரு பழைய சின்னக் காரிலிருந்து எடுத்துப் போட்டான். அரியமங்கலத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, வீட்டில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு, ஒன்றரை வருடம் அங்கேயே கிடந்தான். முடிந்தபோது அதற்குக் கூரை இல்லை, கதவும் இல்லை. ஏறுவதற்குக் காலைத் தூக்கி உள்ளே வைத்து, பிறகு நம்மைத் தேடி எடுத்து உள்ளே வைக்க வேண்டும். அதைப் பதிவு செய்ய அவன் பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை. அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

டயர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தான்.

"நீதான்டா ஃபிசிக்ஸ். எனக்கு வட்டி விகிதம்தான் தெரியும்."

முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த எனக்கு, ஓய்வுக்குப் பிறகு யாரும் எதையும் கேட்பதில்லை. வீட்டில் மிக்ஸி நின்றுபோனால்கூட என்னைத் தாண்டிப் போய் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். ஆகவே இந்தப் பொறுப்பை நான் அளவுக்கு மீறிய கௌரவமாக எடுத்துக்கொண்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வேலையாகக் காரை எடை போட்டோம். லாரிகள் நிற்கும் எடை மேடையில் அதை ஏற்றினதும் மேடைக்காரர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "லோடு எங்க சார்?" என்றார். ஐந்நூற்று நாற்பது கிலோ. நண்பன் ஏறி உட்கார்ந்ததும் அறுநூற்று நாற்பது.

"ஃபைபர் போட்டு எடையைக் குறைச்சது எல்லாம் நீ ஏறினதும் போச்சுடா" என்றேன்.

"நீ டயரைப் பாரு" என்றான்.

பார்த்தேன். நோட்டுப் போட்டுப் பார்த்தேன். நண்பனுக்கு ஆசை, பின்னால் உருளைபோல் அகலமான டயர் வேண்டும் என்று. இவ்வளவு லேசான வண்டிக்கு அகலமான டயர் போட்டால் அது தரையை அழுத்திப் பிடிக்காது, மழையில் தண்ணீர்மேல் மிதக்கும் என்று அவனுக்கு இரண்டு நாள் பாடம் நடத்தினேன். கனமான காருக்குச் செய்த டயரின் பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும், நம் வண்டிக்கு அது வளைந்தே கொடுக்காது என்றேன். பந்தயத்துக்கென்று வரும் ரப்பர் சூடேறினால்தான் ஒட்டும், நம் வண்டி அதைச் சூடாக்குவதற்குள் ஸ்ரீரங்கம் வந்துவிடும் என்றேன். கடைசியில் அளவான அகலம், மிருதுவான ரப்பர், நடுவிலிருந்து இருபக்கமும் தண்ணீரை விலக்கித் தள்ளும் சாய்வுக் கோடுகள் கொண்ட ஒரு டயரைத் தேர்ந்தெடுத்தேன். காற்று முப்பது வேண்டாம், இருபது போதும் என்றும் குறித்தேன். இவை அத்தனையும் சரி. இன்றைக்கும் சொல்வேன். கஷ்டமான கணக்கு ஒன்றில்கூட நான் தப்பு செய்யவில்லை.

அரியமங்கலத்திலேயே ஒரு டயர் கடை. முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். மெஷினில் டயர் ஏற்றி இறக்குவது அவருடைய மருமகன். முப்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவர். மாமனாரே அவரை "மாப்ள, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றுதான் கூப்பிடுவார்.

நண்பன் போனில் யாருடனோ பேசிக்கொண்டு சாலைக்குப் போய்விட்டான். நான் மெஷின் பக்கத்தில் நின்றேன். அந்த வகை டயரில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். வலப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் முடிந்தன. ரிம்மின் வெளிமுகம் மேலே தெரிய மெஷினில் படுத்திருந்தது. அம்புக்குறி கடிகார முள் போல வலமாகச் சுற்றியது. எனக்குப் பரம திருப்தி. பிறகு அவர் இடப்பக்கத்துச் சக்கரத்தை ஏற்றினார். அம்பு இடமாகச் சுற்றியது.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பிராகாரத்தை வலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வேறு வழியில் போனால் கிட்டே என்றாலும் என் கால் போகாது. அந்த அம்பைப் பார்த்ததும் உடம்புக்கே ஒப்பவில்லை.

"அது அப்பிரதட்சிணம்" என்றேன்.

"என்னங்க சார்?"

"இடமாச் சுத்துது. நாலும் பிரதட்சிணமா இருக்கணும். கோயில் சுத்துற மாதிரி."

"இடது பக்கம் அப்படித்தாங்க சார் வரும்."

"வண்டி முன்னாடிதானே போகுது? அப்ப நாலு சக்கரமும் ஒரே பக்கம்தானே சுத்தணும்?"

"ஒரே பக்கம்தாங்க சார் சுத்துது. நாமதான் இந்தப் பக்கம் வந்து நின்னு பாக்குறோம்."

சார்பு இயக்கம் என்ற பாடத்தை வருடாவருடம் பதினைந்து வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். அதை இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அதுதான் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். "நான் முப்பத்திரண்டு வருஷம் ஃபிசிக்ஸ் ப்ரொபசர்" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டார். அடுத்ததையும் அப்படியே போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, வளைந்து வந்த ஒரு டவுன் பஸ்ஸின் இரு பக்கத்துச் சக்கரங்களையும் பார்த்தேன். மருமகன் சொன்னதுதான் சரி என்று அப்போதே தெரிந்துவிட்டது. மறைக்கவில்லை, அந்த நிமிடமே தெரிந்தது. காய்ந்த சாலையில் பெரிய வித்தியாசம் இல்லை, அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஓர் அடிக்குறிப்பு எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன். சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து நண்பன் என்னை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி வரும்போது மழை பிடித்தது. கூரையில்லாத காரில் நான் குடையை விரிக்க, அது பின்பக்கமாக மடிந்துகொண்டது. மாம்பழச்சாலைத் திருப்பத்தில் அவன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். கார் திரும்பவில்லை, பிறகு தேவைக்கு மேல் திரும்பியது. தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய இரண்டு டயர்கள் அதை வாரி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. முழுச் சுற்று ஒன்று சுற்றி, ஓர் இளநீர்க் குவியலில் மூக்கைச் செருகி நின்றோம். எந்தப் பக்கமாகச் சுற்றினோம் என்பதை அந்த நிலையிலும் கவனித்தேன். இடமாகத்தான்.

யாருக்கும் அடியில்லை. இளநீர்க்காரர் அரிவாளோடு வந்து காரை மேலும் கீழும் பார்த்தார்.

"இளநி வேணும்னா கேட்டா வெட்டிக் குடுக்கப் போறேன். இப்படியா சார் வந்து எடுப்பாங்க?"

மறுநாள் கொட்டகையில் ஒரு மெக்கானிக் பார்த்த பார்வையிலேயே அம்புக்குறியைக் கண்டுபிடித்தார். நண்பன் என்னிடம், "கடையில மாத்திப் போட்டுட்டாங்கடா. நீ பக்கத்துலதானே நின்னே?" என்றான்.

"நடுவுல டீ குடிக்கப் போயிட்டேன்" என்றேன்.

ஐந்து சொற்கள்கூட இல்லை. அன்றைக்கு நான் டீயே குடிக்கவில்லை. நண்பன் கடைக்குப் போன் செய்து, தன் உயிர், என் உயிர், இளநீர் எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினான். காருக்குத் துணியைப் போர்த்திவிட்டு, இனி அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்றான்.

இரண்டு வாரம் கழித்து என் ஸ்கூட்டருக்குக் காற்றுப் பிடிக்க நான் அங்கே போக வேண்டியதாயிற்று. வேண்டியதாயிற்று என்பதும் பொய். என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் போனேன். மெஷினில் வேறு ஒருவர் நின்றார். மருமகன் வாசலில் காற்றுக் குழாயோடு உட்கார்ந்திருந்தார்.

"காத்து எவ்வளவுங்க சார்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

உள்ளேயிருந்து முதலாளி யாரோ வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ன பண்றது? இடது வலது தெரியாதவனுக்குப் பொண்ணைக் குடுத்துட்டேன். கேட்டா, அந்தப் ப்ரொபசர்தான் அப்படிப் போடச் சொன்னாருங்கிறான். படிச்ச மனுஷன் மேல பழியைப் போட எப்படி வாய் வருது பாருங்க." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "டேய், அந்த ஸ்கூட்டரை ஓரமா நிறுத்து" என்றார்.

மாப்ள, பாருங்க என்றதெல்லாம் போய், டேய், நிறுத்து என்று ஆகியிருந்தது. நான் காற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான்கு நாள் கழித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு முதலாளி முன் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்புக்குறி, பிரதட்சிணம், ப்ரொபசர் என்று அதட்டியது, டீ. அவர் முழுக்கக் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"சார், உங்களுக்குப் பெரிய மனசு" என்றார். "ஒரு குடும்பம் நல்லா இருக்கணும்னு பழியை உங்க தலையில போட்டுக்கிறீங்க. ஃபிசிக்ஸ் படிச்சவர் இப்படிச் சொல்லுவாருன்னு குழந்தைகூட நம்பாது. டேய், சார் கால்ல விழுந்து கும்பிட்டுக்க."

மருமகன் எழுந்து வந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். என் ஒப்புதலால் அவருக்கு இன்னொரு அவமானம் சேர்ந்ததுதான் மிச்சம். எனக்குச் சாட்சி சொல்ல ஒருவன் தேவைப்பட்டான். அவனிடமும் நான் பொய் சொல்லியிருந்தேன்.

நண்பனிடம் சொன்னபோது முதலில் சிரித்தான். பிரதட்சிணம் என்ற இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பஸ் சக்கரத்தைப் பார்த்ததைச் சொன்னதும் நின்றுவிட்டது.

"தெரிஞ்சப்புறமும் என்னை ஓட்ட விட்டியா?"

"ஆமா."

"நீயும் ஏறி உக்காந்தியே?"

"ஆமா."

"அப்ப உனக்கு மானம் உசுரைவிடப் பெரிசு. என் உசுரையும் சேர்த்து." கொட்டகைக்குப் போய் இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினான். நான் ஒன்றைத் தூக்கப் போனேன், வாங்கிக்கொண்டான். ஆட்டோவில் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் நான் உட்கார்ந்து போனேன்.

கடையில் முதலாளி மறுபடி "பெரிய மனசு" என்று ஆரம்பித்தார். நண்பன் கையை உயர்த்தினான்.

"மனசெல்லாம் இல்லைங்க. இவன் சொல்றது நிஜம். இவனை அம்பது வருஷமா எனக்குத் தெரியும். புதுக் குடித்தனம் வச்சப்ப சீலிங் ஃபேன் வாங்கிட்டுப் போனான். கீழேருந்து பார்த்தா இடமாச் சுத்துதுன்னு கழட்டித் திருப்பிக் குடுக்கப் போனவன். கடைக்காரர், பரண் மேல ஏறி மேலேருந்து பாருங்க சார், வலமா தெரியும்னார். ஏறிப் பார்த்திருக்கான்."

எங்கள் வீட்டுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. முதலாளி என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த மரியாதை சிறிது சிறிதாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு அவர் வாசலுக்குப் போய், "மாப்ள" என்றார். "உள்ள வாங்க. நீங்களே மெஷின்ல ஏத்துங்க."

மருமகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதல் சக்கரத்தை ஏற்றினார். பழையபடி டயரைக் கழற்றினார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், எப்படிப் போடட்டும்?"

"உங்களுக்குத் தெரியுமே" என்றேன்.

"இல்லைங்க சார். நீங்க சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. முதலாளி, நண்பன், டயர் மாற்றக் காத்திருந்த ஒரு லாரி டிரைவர் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பிரதட்சிணமா" என்றேன்.

"மெஷின் சத்தத்துல கேக்கலைங்க சார்."

உரக்கச் சொன்னேன்.