எஸ்தர் கோபக்காரி

செய்தி எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. பூ வரைந்த சட்டத்துக்குள் எஸ்தரின் படம். கீழே, ‘எங்கள் அன்புக்குரிய வணிகவியல் ஆசிரியை’. எட்டு மாதத்துக்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்பிய அதே நிர்வாகம் எழுதிய வரி அது. நாற்பத்து நான்கு வயது, மாரடைப்பு. எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவருடன் வேலை பார்த்தவர்களுக்காகவும் அவரிடம் படித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கல்லூரி எங்களுடையது. ஆசிரியர் அறையில் எஸ்தரின் நாற்காலியும் என்னுடையதும் அடுத்தடுத்து. நான் நிரந்தரப் பணி. அவர் கௌரவ விரிவுரையாளர், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்கள் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு இலவச வருமான வரி உதவி மேசை நடத்தினார். மறைமலை நகர் தொழிற்சாலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களும் காவலாளிகளும் டாக்சி ஓட்டுநர்களும் வருவார்கள். வரி கட்டுமளவு வருமானம் யாருக்கும் இல்லை. இருந்தும் அவர்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிகள் கூலியில் வரி என்று பிடித்திருக்கும். கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும் என்பதே பலருக்குத் தெரியாது.

ஒருமுறை ஒரு மாணவன், எதிரே இருந்த காவலாளியிடம் எதுவும் சொல்லாமல் மளமளவென்று படிவத்தை முடித்துவிட்டான். எஸ்தர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, எல்லாவற்றையும் அழித்தார். “இது உன் ப்ராஜெக்ட் இல்லப்பா, அவரோட கூலி. ஒவ்வொரு வரியும் அவருக்குப் புரியணும். திரும்ப ஆரம்பி.” அவன் முகம் சுருங்கியது. அவர் பொருட்படுத்தவில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, எங்கள் கல்லூரியிலேயே துப்புரவு வேலை செய்யும் தேவகி சம்பளச் சீட்டுகளோடு வந்தார். மூன்றாமாண்டு மாணவி கார்த்திகா வருமான வரித் தளத்தில் தேடினாள். தேவகி பெயரில் ஒரு பைசாகூடக் கட்டப்படவில்லை. மற்ற துப்புரவுப் பெண்களையும் அழைத்துப் பார்த்தார்கள். பதினோரு பேருக்கும் அதே கதை. பிடித்தது உண்மை, அரசுக்குப் போகவில்லை. அவர்களை வேலைக்கு வைத்திருந்த ஏஜென்சி எங்கள் கல்லூரித் தாளாளரின் மைத்துனருடையது.

தேவகி சீட்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தார். பிறகு, “நானும் கவர்மெண்டுக்கு வரி கட்றேன்னு எம் பொண்ணாண்ட பெருமையா சொல்லிகினு இருந்தேன் மேடம்” என்றார்.

எஸ்தர் அன்றே வருமான வரித் துறைக்குப் புகார் மனு எழுதினார். பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். கார்த்திகாவும் இன்னொரு மாணவியும் போட்டார்கள். மறுநாள் மனுவை என்னிடம் நீட்டினார். வீட்டுக் கடனையும் மகளின் படிப்பையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

“சரி சார், கட்டாயமில்ல. ஆனா பின்னாடி என்னப் பத்தி நல்லவிதமா பேச வராதீங்க.”

அடுத்த பருவத்துக்குப் பாடவேளை குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி நிர்வாகம் அவர் பணியைப் புதுப்பிக்கவில்லை. வாரம் முழுக்கக் கேளம்பாக்கத்துக்குப் பேருந்தில் போய் டியூஷன் எடுத்தார். ஞாயிறு மட்டும் தாம்பரத்தில் ஒரு தேவாலயக் கூடத்தில் மேசையைத் தொடர்ந்தார். விசாரணை வந்தது. ஏஜென்சி பணத்தைக் கட்டியது, பெண்களுக்குத் தொகை திரும்பியது. அதன்பின் நான்கு பெண்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தேவகி அதில் ஒருவர்.

நிர்வாகம் எஸ்தரைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். அவர் அப்பாவும் அதே வயதில் இதய நோயால் போனவர். ஆனால் இரங்கல் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் அவரைப் ‘பொறுமையின் வடிவம்’ என்றார். முன்வரிசையில் தாளாளர் தலையாட்டினார். எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. அப்போதும் நான் எழவில்லை.

வெளியே வந்ததும் கார்த்திகா நேராக என்னிடம் வந்தாள். “நீங்களாவது சொல்லுவீங்கன்னு நெனச்சோம் சார்” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

இப்போது சொல்கிறேன். எஸ்தர் பொறுமைசாலி அல்ல, கோபக்காரி. ஏழையின் கூலியில் கைவைத்தவனைப் பெயர் சொல்லிக் கேட்ட கோபம் அது. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். நல்லவிதமாகப் பேச எனக்கு உரிமை இல்லை, அதனால் நடந்ததை எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நிர்வாகம் என்னை அழைக்கும். போவேன், இதையே அங்கும் சொல்வேன். இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் ஆள் இல்லை.