ஓசையில்லாமல் சாத்திய கதவு

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த ரிசார்ட்டில், எங்களுக்கு மென்மையைக் கற்றுக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒரு மேடத்தை வரவழைத்தார்கள். பேசுகிற வார்த்தைக்கெல்லாம் பின்னால் ஒரு ‘ங்க’ போட்டு, பூனையைக்கூட ‘போங்க’ என்று விரட்டுகிற ஊர் எங்களுடையது. எங்களுக்குத்தான் மென்மை போதவில்லையாம்.

அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பது என் வேலை. மஞ்சக்குட்டையிலிருந்து வருகிற ஓர் அக்காவும் அதே வேலையில் இருந்தார். சீசன் முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவரை நிறுத்தப்போகிறார்கள் என்று சமையற்கட்டுவரை பேச்சு. எனக்கு வேலை போனால் எங்கள் ஊர் செம்மநத்தத்தில் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான் போகவேண்டும். அவளை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. அதனால் மேடம் சொன்னதையெல்லாம் கண்கொட்டாமல் கேட்டேன்.

கற்றுக்கொடுத்தது முழுக்க ஆங்கில வார்த்தைகள். கதவைத் தட்டக் கூடாது, விரல் நுனியால் ‘டேப்’ பண்ண வேண்டும். தலையணையை அடித்து உப்ப வைக்கக் கூடாது, உள்ளங்கையால் ‘பேட்’ பண்ண வேண்டும். விரிப்பின் ஓரத்தைச் செருகக் கூடாது, ‘டக்’ பண்ண வேண்டும். கதவைச் சாத்துவது என்ற பேச்சே கிடையாது, கைப்பிடியை விடாமல் மெல்ல ‘ஈஸ்’ பண்ண வேண்டும். எல்லாமே ‘ஜென்ட்லி’. இவ்வளவையும் மேடம் மேசையை ஓங்கி ஓங்கி அடித்துத்தான் சொன்னார். அந்தம்மாவுக்கு யாராவது ‘டேப்’ சொல்லிக் கொடுத்தால் தேவலை என்று அக்கா என் காதைக் கடித்தார்.

இன்னொரு விதியும் இருந்தது. விருந்தாளி இங்கிலீஷில் எதைச் சொன்னாலும் உடனே ‘சர்டன்லி சார், தேங்க் யூ’ என்றுவிட வேண்டும். புரிந்ததா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். ஒருவர் பாத்ரூமில் அட்டைப்பூச்சி என்று கத்தினார், நன்றி சொன்னேன். இன்னொருவர் பனிமூட்டத்தில் ஏரியே தெரியவில்லை, இதெல்லாம் ஓர் ஊரா என்றார். அதற்கும் சொன்னேன். போகப்போக வாய் தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டது. குழம்பில் உப்பில்லை என்று மாமியார் சொன்னபோதும் ‘சர்டன்லி’ வந்துவிட்டது, அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை.

கதவு விஷயத்தில் மட்டும் என்னை மிஞ்ச ஆளில்லை. காலி அறைகளில் பழகிப் பழகி, பூட்டு நாக்கு உள்ளே போகிற சத்தம்கூட வராமல் சாத்தினேன். மேடம் எல்லோரையும் எனக்காகக் கைதட்டச் சொன்னார். இனி வேலைக்குப் பயமில்லை என்று நம்பினேன், பைத்தியக்காரி.

எங்கள் மேனேஜர் சேலத்துக்காரர். விரிப்பில் கறை பட்டால் நல்ல தமிழில் நம் பரம்பரையையே இழுப்பார். சீசன் முடிந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல்முறையாக இங்கிலீஷில் பேசினார். குரல் அவ்வளவு பதமாக இருந்தது. ‘கைண்ட்லி’ வந்தது, ‘சாரி’ வந்தது, நடுவில் ‘ரிலீவ்’ வந்தது. முன்பு நான் வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டில் ஆளை நிறுத்தும்போது, கணக்கெழுதுகிற ரைட்டர் சொல்லிக் கேட்ட வார்த்தைதான். எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் வாய் காத்திருக்கவில்லை. “சர்டன்லி சார், தேங்க் யூ” என்றேன். எழுந்து வந்து கதவை ‘ஈஸ்’ பண்ணினேன். துளி சத்தம் வரவில்லை.

வராந்தாவில் அக்கா வாளியோடு நின்றிருந்தார்.

“என்ன கண்ணு சொன்னாரு?”

“என்னைய நிறுத்திட்டாருங்க அக்கா.”

“நீ என்ன சொன்னே?”

“தேங்க் யூன்னேன்.”

அக்கா முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டு, “போயி அந்தக் கதவையாச்சும் ஒருக்கா நல்லாச் சாத்திட்டு வா சாமி” என்றார்.

போனேன். தட்டவும் இல்லை, ‘டேப்’ பண்ணவும் இல்லை. “ஏனுங்க சார், இப்பச் சொன்னதைத் தமிழ்ல ஒருக்காச் சொல்லுங்க” என்றேன். தமிழில் அவருக்குத் திட்ட மட்டும்தான் தெரியும், அன்றைக்குத் திட்டக் காரணமும் இல்லை. கையை மேலும் கீழும் ஆட்டி “ஜென்ட்லி, ஜென்ட்லி” என்றார். நான் சாத்தின சாத்தலில் கீழே ரிசப்ஷனில் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

இப்போது திருப்பூரில் இருக்கிறேன். மெஷின் இரைச்சலுக்கு மேல் சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்துகிறார். திட்டினால் திட்டு என்று தெரிகிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் போனில், நல்லா இருக்கேம்மா, நீ ஒண்ணும் கவலைப்படாதே என்று ரொம்ப மெதுவாகச் சொல்கிறாள். அந்தப் பதமான குரலைக் கேட்டால் எனக்கு மேனேஜர் ஞாபகம்தான் வருகிறது.

“சத்தமாச் சொல்லு கண்ணு” என்கிறேன்.