டைட், லூஸ், கல்யாணம்

லேடீஸ் டெய்லர் வேலையில் தைப்பது சுலபம். தைத்ததைப் போட்டுப் பார்த்தவர்கள் திரும்பி வருவதுதான் கஷ்டம். ஊசியும் நூலுமாகக் காலம் தள்ளும் சக கஷ்டஜீவிகளே, திருவண்ணாமலை தேரடித் தெருவில் கடை வைத்திருக்கும் என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

கொடியில் கிடைத்த அளவு

எங்கள் கடையில் டேப் வைத்து யாரையும் அளப்பதில்லை. உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுப்பார்கள். அந்த 'அளவு ஜாக்கெட்'டை வைத்துத்தான் வெட்டுவேன். கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர், பெண்டாட்டிக்குத் தெரியாமல் பட்டு ஜாக்கெட் தைத்து அசத்த வேண்டுமென்று, வீட்டுக் கொடியில் காய்ந்த ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். நானும் இழை பிசகாமல் தைத்துக் கொடுத்தேன். அது அவருடைய அம்மாவின் ஜாக்கெட். மறுநாள் அவர் மனைவி பஸ் ஏறி வந்து, கடை வாசலிலேயே அதை விரித்துக் காட்டினார்.

"இதுக்குள்ள நானும் எங்க மாமியாரும் சேர்ந்தே இருக்கலாம். வீட்லதான் முடியல, இதுலயாவது இருந்துக்கிறோம்ங்க."

பெண் பார்க்கப் போன இடம்

முப்பது தாண்டியும் எனக்குப் பெண் அமையவில்லை. நாளெல்லாம் பெண்கள் வந்துபோகும் கடை என்று பெண் வீட்டார் யோசித்தார்கள். அம்மா எனக்காகக் கிரிவலம் சுற்றாத பௌர்ணமி இல்லை. கடைசியில் ஒரு வீட்டில் வரச் சொன்னார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பெண்ணின் அம்மா தட்டோடு வந்தார். பஜ்ஜி என்று பார்த்தால், தட்டு நிறைய ஜாக்கெட் துணி.

"பொண்ணு விசயம் பொறுமையா பேசிக்கலாம் தம்பி. இதெல்லாம் தீபாவளிக்கு முன்னாடி குடுத்துருவீங்களா?"

கலைவாணியின் குறை

அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு, ஜெராக்ஸ் கடை வேலைக்கு வருகிறவள் கலைவாணி. தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டோடு அடுத்த வாரமே வந்து "டைட்டா இருக்கு" என்றாள். பிரித்துவிட்டேன். "லூசா இருக்கு" என்று திரும்ப வந்தாள். பிடித்துக் கொடுத்தேன். பிறகு கை சரியில்லை, அப்புறம் கழுத்து. அளவு ஜாக்கெட்டோடு வைத்துப் பார்த்தால் நூலளவும் வித்தியாசமில்லை. பெண்தான் அமையவில்லை, தொழிலும் போய்விடுமோ என்று பயந்தே போனேன்.

ஒருநாள், "என் கை உங்களுக்குச் சரிப்படலைங்க, வேற டெய்லரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். எங்கள் கடையில் காஜா எடுக்கும் காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்குத் துணி விசயம் ஜாஸ்தி தெரியும், மத்தது ரொம்பக் கம்மி. அந்தப் பொண்ணு ஷேர் ஆட்டோ ஏர்றதுக்குள்ள ஓடுய்யா!"

டைட் என்றால் டைட்

கழுத்தில் டேப்போடு ஓடினேன். ஆட்டோவில் கால் வைத்தவளிடம், "ஜாக்கெட் சரியாத்தான இருக்கு?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். "மொத நாள்லேர்ந்தே" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த தையில் கல்யாணம்.

போன வாரம் அவள் தம்பி கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, நான் தைத்த புது ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு "டைட்டா இருக்குங்க" என்றாள். பழைய ஞாபகத்தில் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இளித்துக்கொண்டே பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன்.

"அய்ய, அப்ப சொன்னதுதாங்க பொய்யி. இது நெஜமாவே டைட்டு. வேன் வந்துட்டுது, சீக்கிரம் பிரிச்சு விடுங்க!"

ஆகவே சக கஷ்டஜீவிகளே, பெண்டாட்டி டைட் என்றால் இப்போதெல்லாம் முதலில் பிரித்துக் கொடுத்துவிட்டு, காதலை அப்புறம்தான் வைத்துக்கொள்கிறேன்.