லோரோங் ரம்புத்தான், ஏழாம் நம்பர்

மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை என்பது என் மகளுக்குத் தெரியாததல்ல. இங்கேதான் பிறந்து வளர்ந்தாள். பட்டர்வொர்த்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபிறகு அந்தப் பக்கத்துச் சனி, ஞாயிறு அவள் மண்டையில் ஏறிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "மா, கெளம்பு. இன்னிக்கு மன்றத்துக்குப் போயி ரெண்டுல ஒண்ணு பாத்துரலாம்" என்றாள். நானும் புத்தி கெட்டுப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு ஏறினேன். மாவட்ட மன்றத்தின் வாசலில் ஒரு பூனை படுத்திருந்தது. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

என் வேலை ஆரம்பப் பள்ளிக் கேண்டீனில். பள்ளிக்கும் அதே வெள்ளி, சனிதான் விடுமுறை. எனக்கு ஓய்வு கிடைக்கிற நாளில் கவுண்டரில் ஆள் இருக்காது. கவுண்டரில் ஆள் இருக்கிற நாளில் நான் பிள்ளைகளுக்கு மீகூன் சேமியா பிரட்டிக்கொண்டிருப்பேன். மன்றத்துக்கு ஒரு நடை போக வேண்டுமென்றால் கேண்டீன்காரம்மாவிடம் பல்லைக் காட்டி லீவு வாங்க வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? எங்கள் சந்துக்கு ஒரு பெயர் வேண்டும். நிலம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை, உதவித்தொகை கேட்கவில்லை. ஒரு பெயரைப் பலகையில் எழுதிச் சந்து முனையில் நட்டால் போதும்.

நாங்கள் வேலை செய்து குடியிருந்த தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது, டவுனுக்குப் போகிற பெரிய ரோட்டோரம் ஒரு துண்டு நிலத்தில் இரண்டு வரிசை வீடுகளைக் கட்டி எங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். தலைக்கு மேல் கூரை கிடைத்ததே என்று இருந்துவிட்டோம். சந்துக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்கு நம்பர் கிடையாது. ஐசி என்கிற அடையாளக் கார்டிலும் கரண்டு பில்லிலும் பழைய தோட்டத்தின் பெயர்தான். எங்கே குடியிருக்கிறாய் என்று யார் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்லுவோம். கேட்கிறவர்களும் உள்ளூர்க்காரர்கள், தெரிந்துகொள்வார்கள்.

என் வீட்டுக்காரர் குளியலறை வாசலில் விழுந்த அன்று அது உதவவில்லை. நான் கேண்டீனில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் அவசர நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். விலாசம் கேட்டதும், பதற்றத்தில் வழக்கம்போல் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் சொன்ன இடத்துக்கு ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. அங்கே இப்போது எண்ணெய்க்கு நட்ட செம்பனை மரத்தைத் தவிர என்ன இருக்கிறது? மரத்துக்கு மரம் சுற்றிவிட்டு அது ரோட்டுக்கு வருவதற்குள், அக்காவின் மகன் தன் காய்கறி வேனில் இவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் வலது கை தப்பியிருக்கும் என்றார் டாக்டர். இந்த ஸ்ட்ரோக் திரும்பவும் வரலாம், அப்போது ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாது என்றும் சொன்னார். வாய் ஓயாமல் பேசி என் காதைத் தின்ற மனுஷன், அதன்பிறகு தண்ணீர் கேட்கவே முக்கி முனகினார். பக்கத்து வீட்டு அக்காவை நான் பேசாத பேச்சில்லை. இத்தனை வருஷம் குடியிருக்கிற இடத்தைச் சொல்லத் தெரியாதா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? சொல்லுவதற்கு ஒரு விலாசம் இருந்தால்தானே.

அதன்பிறகுதான் மன்றத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினாள். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு சந்தே பதிவில் இல்லை, நில அலுவலகத்தில் விசாரியுங்கள் என்றாள். நில அலுவலகத்தில், அது மொத்தமும் ஒரே லாட் நிலம், இன்னும் தோட்டக் கம்பெனி பெயரில் இருக்கிறது, கம்பெனி ஒப்படைத்தால்தான் மன்றம் எடுத்துக்கொள்ளும் என்றார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுதான் கேட்கிறது. அந்தப் பாட்டை இப்போது நான் முழுசாக முணுமுணுப்பேன். ஒரு நாள் யாரோ எடுத்து, அதெல்லாம் எப்போதோ ஒப்படைத்தாயிற்று, மன்றத்தையே கேளுங்கள் என்று வைத்துவிட்டார்.

மறுபடியும் மன்றம். இந்தத் தடவை புகார் கொடுத்தே தீருவது என்று போனேன். அந்தப் பெண் ஒரு பாரத்தை நீட்டினாள். பெயர் எழுதினேன், ஐசி நம்பர் எழுதினேன். விலாசத்துக்கான அடுத்த கோட்டில் விரலை வைத்து, மலாயில் அத்தை முறை வைத்துக் கேட்டாள்.

"மக்சிக், அலாமட்?"

விலாசம் இல்லை என்பதுதானே அம்மா என் புகாரே என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாதாம். பதில் கடிதம் எங்கே அனுப்புவது என்றும் கேட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் பழைய தோட்டத்தின் பெயரையே எழுதிக் கொடுத்தேன். பதில் போட்டிருப்பார்கள். செம்பனை மரம் படித்திருக்கும்.

போனில் லொக்கேஷன் அனுப்பினால் முடிந்துவிடாதா என்று மகள் கேட்டாள். உங்கப்பா தரையில் கிடக்கும்போது நான் கண்ணாடியைத் தேடி, போனைத் தேய்த்து, எந்தப் பொத்தான் என்று உன்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கவா என்றேன்.

சரி, நாமே வைத்துக்கொள்வோம் என்று ஒரு சாயங்காலம் சந்துக்காரர்களைக் கூட்டினேன். ஏன்தான் கூட்டினேனோ. ஒருவர் அம்மன் பெயரை வைக்கச் சொன்னார். இன்னொருவருக்குத் தன் அப்பா பெயர் வேண்டும், அவர்தான் முதலில் குடிவந்தவராம். இரண்டு பேர் பழைய தோட்டத்தின் பெயரையே வைப்போம் என்றார்கள். அந்த இரண்டு பேரையும் நான் முறைத்த முறைப்பில் எழுந்து போய்விட்டார்கள். முனையில் ஒரு ரம்புத்தான் மரம் நிற்கிறது. அது யாருடைய சாமியும் இல்லை, யாருடைய அப்பாவும் இல்லை. மலாயில் சந்துக்கு லோரோங்; லோரோங் ரம்புத்தான் என்றேன். சண்டை போட்டு அலுத்துப்போனதால் தலையாட்டினார்கள்.

பலகையை என் வீட்டுக்காரர்தான் எழுதினார். நானே எழுதுகிறேன் என்றதற்கு விடவில்லை, இடது கையால் பிரஷைப் பிடுங்கிக்கொண்டார். எழுத்து மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றது, ஆனாலும் படிக்க முடிந்தது. வீட்டுக்கு வீடு நம்பரும் போட்டோம். எங்களுக்கு ஏழு.

ஆஸ்பத்திரியில், அவரைத் தினமும் ஏதாவது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள், பேச்சு வரும் என்றிருந்தார்கள். நான் வேறு எதைச் சொல்ல வைப்பேன்? காலையில் கோப்பி வேண்டுமென்றால் லோரோங் ரம்புத்தான், ஏழாம் நம்பர் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கோப்பி கிடையாது. முதலில் "ரம்" வரைக்கும்தான் வந்தது. கண்ணால் என்னைத் திட்டிக்கொண்டே சொல்லுவார்.

இரண்டு வாரம் போயிருக்காது, மன்றத்து வண்டி ஒன்று நேராக எங்கள் வாசலில் வந்து நின்றது. அமலாக்க அதிகாரிகள் இரண்டு பேர். அனுமதி இல்லாமல் விளம்பரப் பலகை நட்டிருக்கிறோம் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், அகற்ற வேண்டுமாம். கையில் நோட்டீஸ். விளம்பரமா? நாங்கள் எதை விற்கிறோம், சந்தையா? ஒன்றை மட்டும் கேட்டேன். உங்கள் பதிவிலேயே இல்லாத சந்துக்கு எப்படி வழி கண்டுபிடித்து வந்தீர்கள்? அவர்களில் இளையவர் சாதாரணமாகச் சொன்னார்: முனையில் பலகை இருக்கிறதே, மக்சிக்.

அவர்கள் போனபிறகு நோட்டீஸைப் பிரித்தேன். அச்சடித்த எழுத்தில் இருந்தது: ஏழு, லோரோங் ரம்புத்தான். மன்றத்தின் முத்திரையோடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே லீவு போட்டுக்கொண்டு போனேன். அதே கவுண்டர், அதே பெண். இந்தச் சந்து இல்லை என்றீர்களே, இல்லாத இடத்துக்கு உங்கள் மன்றமே நோட்டீஸ் எழுதியிருக்கிறது, பாருங்கள் என்று கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். படித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே எடுத்துப் போனாள். ஒரு பெரிய அதிகாரி வெளியே வந்து என்னை உட்காரச் சொன்னார். அங்கே நடையாய் நடந்ததில் முதல் தடவையாக உட்கார நாற்காலி கிடைத்தது. கூட்டத்தில் வைக்கிறோம் என்றார். அந்தக் கூட்டம் கூடுவதற்குள் மரத்தில் ரம்புத்தான் காய்த்துப் பழுத்து நாங்கள் தின்றும் முடித்தோம். கடைசியில் மன்றத்துப் பலகை வந்தது. அதன்பிறகு ஐசியில் விலாசத்தையும் மாற்றிக்கொண்டோம். அப்பாடா என்று இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் தரையில் கிடக்கிறார், வாய் இன்னும் கோணியிருக்கிறது. போனை எடுத்தேன். நம்பரைச் சரியாகத்தான் அழுத்தினேன். ஒரு பெண் குரல் என்ன ஆயிற்று என்று கேட்டது, சொன்னேன். விலாசம் கேட்டது.

என் வாயில் தோட்டத்தின் பெயர் வந்தது. டிவிஷனோடு, லயத்து வீட்டு வரிசையோடு, சின்ன வயதில் பள்ளியில் ஒப்பித்த மாதிரி முழுசாக வந்தது. அந்தப் பெண்ணும் அதைத் திருப்பிச் சொல்லி எழுத ஆரம்பித்துவிட்டாள். எனக்கு உறைக்கவே இல்லை.

கீழே கிடந்தவர் இடது கையால் என் கைலியைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன்.

"ரம்... புத்தான்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏழு."

இல்லை, இல்லை என்று போனில் கத்தினேன். மாற்றிச் சொன்னேன். ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டிலிருந்து நேராகத் திரும்பி எங்கள் வாசலில் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு, தன் காலால் நடந்து வீட்டுக்குள் வந்தார்.

இப்போது பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேரிடமும் அவர் முக்கி முனகிச் சொல்லுவது ஒன்றே ஒன்றுதான். "இவளுக்கு... சொந்த வீட்டு... அலாமட் தெரியாது." பக்கத்து வீட்டு அக்கா அதைக் கேட்பதற்காகவே தினமும் ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறார்.