மூச்சு விடும் சுவர்

என்ஜினியர் ஐயாவை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அவருடைய ஜீப்பின் கண்ணாடிதான். அதை முழுதாக இறக்கி நான் பார்த்ததில்லை. கழுத்தில் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். நாங்கள் வெளியே மழையில் நிற்போம். கண்ணாடியில் விரற்கடை அளவு இடைவெளி விட்டு, "கட்டடமும் மனுஷன் மாதிரி மூச்சு விடணும்" என்று சொல்லிவிட்டு உடனே மூடிக்கொள்வார்.

எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழேயிருந்த கடைத்தெருவில் ஒரு பொதுக் கட்டடம் எழுந்தது. ஒரு பக்கம் வாசிகசாலை, நடுவில் கூட்ட மண்டபம், மறுபக்கம் பிரஜாவுரிமை விண்ணப்பங்களை வாங்கி வைக்கும் அறை. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கதவு திறந்து, கூட்டிப் பெருக்கி, அந்த அறையில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் ஐயாவுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

இயற்கையைக் கொண்டே இயங்கும் கட்டடம் என்று அதைப் பற்றி என்ஜினியர் ஐயா எல்லோரிடமும் சொன்னார். கரண்டு வேண்டாம், மின்விசிறி வேண்டாம் என்றார். எங்கள் ஊரில் மின்விசிறியைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. விடிந்தது முதல் சுவெட்டரோடு திரியும் ஊர் அது. வெயிலடிக்கும் ஊருக்காக வரைந்த படத்தை அவர் அப்படியே சுருட்டிக்கொண்டு மலை ஏறி வந்திருக்க வேண்டும். சுவர் நெடுகத் துவாரம் விட்ட சீமெந்துக் கற்கள். கூரையில் வெளிச்சத்துக்காகக் கண்ணாடிப் பட்டைகள், அதனால் பல்பு கிடையாது. பின்னேரம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கினால் கிளாக்கர் ஐயாவுக்குத் தன் கையெழுத்தே தெரியாது. மழைத் தண்ணீரைச் சேமிக்க ஒரு பெரிய தாங்கி வேறு. இருபது அடி தள்ளி, வருஷம் முழுக்கத் தண்ணீர் கொட்டும் பீலி இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பார்க்க ஜீப்பை விட்டு இறங்க வேண்டுமே.

"மேல ஓட்டை, பக்கத்துல ஓட்டை. கோழிக்கூடுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பேன்" என்று கல் வைத்த மேசன் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த விண்ணப்ப அறைக்குள் எதை வைக்கப்போகிறார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வரிசை அறைகளாகக் கட்டிய எங்கள் லயத்தில் எனக்கு அடுத்த காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். சொந்தம் கிடையாது, ஆனாலும் அக்காதான். எங்கள் பாட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் நாங்கள் விண்ணப்பித்துத்தான் இலங்கைப் பிரஜாவுரிமை வாங்க வேண்டும். அவருடைய புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் அது கிடைத்துவிட்டது. அக்கா இங்கே பிறந்தவர் என்பதை மட்டும் விசாரணையில் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் அவர் பெயர் இந்தியா போகும் பட்டியலில் ஏறிவிடும். கொட்டகலை ஸ்டேஷனில் அப்படிக் குடும்பத்தைப் பிரிந்து ரயிலேறிப் போனவர்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு பிறப்புப் பத்திரம். எங்கள் லயங்களில் முக்கியமான கடுதாசியை பிஸ்கட் டின்னில் போட்டு அடுப்புக்கு மேலே பலகையில் வைப்பது வழக்கம். புகையும் சூடும் பட்டால் ஈரம் அண்டாது, பூச்சி வராது. விசாரணைக்கு முன்னால் மூலப் பத்திரத்தை ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னதால் அக்கா அதை என் கையில் தந்தார்.

"தம்பி, முப்பது வருஷமா அடுப்புக்கு மேலயே இருந்த கடுதாசிடா. குளிர்ல போட்டுறாத."

குளிரில்தான் போட்டேன். கடுதாசிகளை வைக்கும் அலுமாரி இருந்த இடமே துவாரச் சுவரோரம். மழைக்காலம் தொடங்கியதும் மூடுபனி அந்தத் துவாரங்கள் வழியாக ஆள் மாதிரி உள்ளே நடந்து வந்தது. கட்டுக் கட்டாகக் கடுதாசிகள் பூஞ்சணம் பூத்துப் போயின. நான் உரச்சாக்குகளைக் கொண்டுவந்து துவாரங்களை அடைத்தேன். அந்த வாரமே என்ஜினியர் ஐயா நாலு விருந்தாளிகளையும் ஒரு கேமராவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு மட்டும் ஜீப்பை விட்டு இறங்கினார்.

"யாருய்யா இந்த அசிங்கத்தைச் செஞ்சது? மூக்கைப் பொத்தினா உயிர் இருக்குமா?"

கிளாக்கர் ஐயா என்னைப் பார்த்தார். பெரியவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது, இன்றைக்கும் அப்படித்தான். சாக்குகளைக் கழற்றினேன். அவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் படத்தில் அலுமாரி இருந்திருக்காது.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்காவின் பத்திரத்தைத் திறந்து பார்த்தேன். பிறந்த தேதி நீலக் கறையாகப் பரவியிருந்தது. யாருக்கும் தெரியாமல் சட்டைக்குள் வைத்து எடுத்துப் போய் என் அடுப்புக்கு மேலே காய வைத்தேன். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஈரக் கடுதாசியில் புகை எப்படி ஏறும் என்று தெரியாமல் போயிற்று. தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்ததுபோல் பழுப்பாகிவிட்டது. அதை அப்படியே அலுமாரியில் திருப்பி வைத்தேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். கள்ளக் கடுதாசி, பழையது மாதிரி தெரியப் புகை போட்டிருக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். கிளாக்கர் ஐயா தமிழில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"சாமி சத்தியமா எங்கம்மா குடுத்ததுங்க" என்றார் அக்கா.

கதவோரம் நின்ற நான் எப்படி உள்ளே போனேன் என்று எனக்கே தெரியாது. "மாத்தயா, புகை போட்டது நான்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். பிறகு அலுமாரியைத் திறந்து காட்டினேன். அவர் ஒரு கட்டைத் தூக்கினார். அடிப்பாதி அலுமாரியிலேயே ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையை எடுத்து வெகுநேரம் விரல்களைத் துடைத்தார். தோட்டத்து டிஸ்பென்சரியின் பழைய பிறப்பு ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். அதில் அக்கா இருந்தார்.

அரசாங்கக் கடுதாசியை வீட்டுக்குக் கொண்டுபோன குற்றத்துக்கு என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதில் தவறு சொல்ல மாட்டேன். மறுபடி மலைக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனேன். என்ஜினியர் ஐயாவும் விஷயத்தைக் கேள்விப்பட்டாராம். அலுமாரியைச் சுவரோரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளி வைக்கச் சொன்னாராம். அவ்வளவுதான் அவருடைய படிப்பு. பிறகு பதவி உயர்ந்து கொழும்புக்கே போய்விட்டார். அந்தத் துவாரங்களை ஒருவரும் அடைக்கவில்லை.

எண்பதுகளில் வந்த தேர்தலில் அக்காவுக்கு முதல் ஓட்டு. வாக்குச் சாவடி அதே கட்டடம். மழையில் வரிசையில் நின்று, உள்ளே போய், நடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். "இதுக்குள்ளயா தம்பி இத்தன நாள் கெடந்த? மாட்டுப்பட்டி தேவலடா" என்றார். ஒரு வாரம் கழித்துப் பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, ஓட்டு மை வைத்த விரலை நீட்டினார்.

"சாம்பல் போட்டும் தேச்சுப் பாத்துட்டேன். இந்த மை மட்டும் போக மாட்டேங்குதுடா."

சொல்லிவிட்டு, போகாததில் சந்தோஷப்பட்டவர்போல அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.