படத்தின் அடியில் இருந்த விலாசம்

பைனாகுலரின் ஒரு கண்ணில் போன் கேமராவைப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படமெடுக்கிறார் ரெங்கராஜ். துபாய்க்குப் பக்கத்திலிருக்கும் அஜ்மானின் கழிமுகத்தில், அலையாத்திச் செடிகளுக்கு அப்பால் நிற்கும் பழைய இரும்புக் கோபுரத்தின் உச்சியில், விறகுக்கட்டை அவிழ்த்துக் கொட்டியதுபோல ஒரு கூடு. விராலடிப்பான் கட்டியது. மீன் தவிர வேறெதையும் பெரிதாகச் சீண்டாத பருந்து அது. கூட்டில் இப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறார் மனிதர்.

அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். குழாய் பதிக்கும் கம்பெனியில் பதினான்கு வருடமாக ஃபோர்மேன். "படம் இல்லேன்னா வேல நடக்கலன்னு அர்த்தம்பா" என்று சைட்டில் ஆட்களைப் படுத்தி எடுப்பார். அதற்கென்றே போனில் ஒரு ஆப். எடுக்கும் படத்தின் அடியில் தேதி, நேரம், இடம் எல்லாம் பட்டையாக விழுந்துவிடும். லீவு நாளிலும் அதை அணைக்கிற பழக்கம் கிடையாது. கடைக்குப் போனாலும் இடுப்பில் அளவு டேப் தொங்கும் ஆசாமி, வேறெப்படி இருப்பார்?

ஜோடி சுள்ளி சுமந்தது, பெண் பறவை அடையில் உட்கார்ந்தது, ஆண் பறவை மீன் கொண்டுவந்தது என்று எல்லாமே படமாக ஊருக்குப் போயின. "அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு மீனு வந்துச்சா?" மனைவி ஜோதிமணி போனை எடுத்ததும் இதைத்தான் கேட்பார். சாப்பாடு, பணம், மருந்து தவிரப் பேச எதுவும் இல்லாமல் போயிருந்த இரண்டு பேருக்கு அந்தக் கூடு கிடைத்திருந்தது.

பெருமை தாங்கவில்லை. அடைகாக்கும் படத்தை, இங்கே வேலை செய்யும் ஊர்க்காரர்கள் இருநூறு பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டார். பட்டையோடு.

அடுத்த ஞாயிறு நான்கு கார்கள் வந்தன. ஒருவன் டிரோன் பறக்கவிட்டான். தாய்ப்பறவை எழும்பிக் கத்திக் கத்திச் சுற்றியது. "எறக்குப்பா, அடையில இருக்குப்பா" என்று ரெங்கராஜ் சேற்றில் விழுந்தெழுந்து ஓடினார். அவன் இறக்குவதற்குள் காக்கைகள் கூட்டில் இறங்கிவிட்டன.

"எப்புடிப்பா எடத்தக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்கதானண்ணே அட்ரஸோட போட்டீங்க."

பாவி மனுஷன் அன்று சோற்றைத் தொடவில்லை.

ஆறு வாரமாயிற்று. "கலாஸ்ணே, முடிஞ்சுபோச்சு. அது இனிமே வராது. வெயில்ல காயாதீங்க" என்கிறார் அறைத்தோழர் சாதிக் பாட்ஷா. "தெரியும்யா" என்பார் இவர். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கோபுரத்துக்கு எதிரே குந்தியிருப்பார். தன்னை மன்னிக்க அவருக்கு வழியே தெரியவில்லை. ஊரிலிருக்கும் ஜோதிமணியிடம் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

போன் அதிர்கிறது. ஜோதிமணியின் குரல் பதிவு. "ஏங்க, குஞ்சு இன்னுமா பொரிக்கல? நாளு தாண்டிருச்சே. அவ நல்லாத்தான இருக்கா?"

ரெங்கராஜ் பழைய படங்களில் ஒன்றைத் தேடி எடுக்கிறார். தாய் அடையில் இருக்கும் படம். அடியிலிருக்கும் பட்டையை, தேதியும் இடமும் போகும்வரை, விரலால் மெல்ல மேலே தள்ளி வெட்டுகிறார். ஓர் எழுத்தாவது மிச்சமிருக்கிறதா என்று இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அனுப்புகிறார்.